டெனிஸ் கிளப்லி கையெழுத்துப் போட்ட கேரவன்

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஹெஸல் சாலைப் பக்கம் டெனிஸ் கிளப்லியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய ஒரே பெருமையும் தெரியும். "முப்பத்திரண்டு வருஷம் கேரவனுக்குக் கூரை அடைச்சேன். என் கை பட்ட வண்டியில ஒரு சொட்டு உள்ள எறங்கினதில்ல." கிளப்பில் இரண்டாவது பியர் வந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மனைவி ஏவ்ரில் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அதே வார்த்தைகளைச் சொல்லிக்காட்டுவாள். மேஜையே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சொல்வார்.

அவருடைய அப்பா மீன்பிடிக் கப்பலில் ஐஸ்லாந்துப் பக்கம் போனவர், திரும்பி வரவில்லை. டெனிஸுக்கு அப்போது ஏழு வயது. கப்பல் கிளம்பும் நாளில் வீட்டில் துணி துவைக்கக் கூடாது, துவைத்தால் ஆளைக் கடல் அலசிக்கொண்டு போய்விடும் என்பது அந்தத் தெருப் பெண்களின் கட்டுப்பாடு. அம்மா அன்றைக்குத் துணியைத் தொடக்கூட இல்லை. அப்படியும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மகனைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஹல்லைச் சுற்றி அப்போது கேரவன் தொழிற்சாலைகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற அந்தச் சக்கர வீடுகளைச் செய்யும் ஒரு கொட்டகையில் பதினாறு வயதில் டெனிஸ் நுழைந்தார். அப்பாவைத் தண்ணீருக்குக் கொடுத்தவருக்குத் தண்ணீரை வெளியே நிறுத்துகிற வேலை கிடைத்தது.

கேரவனின் பக்கத் தகடும் கூரைத் தகடும் சந்திக்கிற விளிம்பில் ஓர் அலுமினியச் சட்டம் ஓடும். சட்டத்துக்கு அடியில் மாஸ்டிக் என்கிற பிசின் பட்டையை வைத்துத் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். அந்தப் பட்டைதான் எல்லாம். அது ஒரு மயிரிழை விலகினால் மழை உள்ளே போகும். உள்ளே இருப்பது மரச்சட்டம். மரம் குடித்த தண்ணீர் வெளியே தெரிய ஐந்து வருஷம்கூட ஆகலாம். தெரியும்போது சுவர் பிஸ்கட்டாகியிருக்கும். ஆகவே அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. விளிம்பை அடைத்தவன், முன்பக்க இருக்கையின் பலகையைத் தூக்கி, உள்மூலையில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் வண்டியை அடுத்த ஆளிடம் தள்ளுவான். பேனா கூடாது. ஈரம் பட்டால் மை ஓடிவிடும், பென்சில் நிற்கும்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆட்குறைப்பில் டெனிஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பள்ளிக்கூடக் காவல், தபால் மூட்டை என்று என்னென்னவோ செய்தார். கேரவன் ஒன்றை வாங்கும் எண்ணம் மட்டும் இந்த வருஷம்தான் வந்தது. அதற்குக் காரணம் ஏவ்ரிலின் நுரையீரல்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவளுக்கு நிமோனியா வந்து ஆளை உருக்கிவிட்டுப் போனது. அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் கரும்பூசணம். வீட்டுக்காரர் வருஷாவருஷம் வெள்ளையடிப்பார், அது வருஷாவருஷம் எட்டிப் பார்க்கும். மருத்துவமனையில் பெண் மருத்துவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து ஏவ்ரிலையே பார்த்துச் சொன்னாள்: "பூசணம் இருக்கிற எடத்துல இனிமே நீங்க தூங்கக் கூடாது. இன்னொரு தடவ இப்படி வந்தா நான் எதுவும் சொல்ல முடியாது." ஹோர்ன்ஸீ கடற்கரையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கேரவன் நிறுத்த ஓர் இடம் கிடைத்தது. காய்ந்த, சுத்தமான ஒரு கேரவன் இருந்தால் ஏழு மாதம் அவள் கடற்காற்றில் தூங்கலாம். ஈரமான கேரவனாகப் போய்விட்டால் பின்னறையைச் சக்கரத்தில் வைத்துக் கடலுக்கு இழுத்துப் போன கதைதான்.

பழைய தோழன் நோபி இப்போது கேரவன் பழுது பார்க்கிறவன். அவன்தான் தன் ஈரமானியைக் கொடுத்தான். உள்ளங்கை அளவு கருவி. முனையில் இரண்டு ஊசி. சுவரில் அழுத்தினால் எண் காட்டும்.

"பதினஞ்சுக்குக் கீழன்னா நிம்மதியா தூங்கு. இருபது தாண்டினா யோசி. முப்பதுன்னா ஓடு," என்றான். "ஏப்ரல் மாசத்துல ஹீட்டரையும் போட்டு ஜன்னலையும் தெறந்து வச்சிருந்தான்னா சந்தேகப்படு. வாசனை அடிச்சு வச்சிருந்தா இன்னும் சந்தேகப்படு. டீ குடுப்பாங்க, குடி. குடிச்சுட்டும் குத்திப் பாரு. நீ டீ குடிச்சா வாயத் தொறக்க மாட்ட, அதுதான் எனக்கு பயம்."

"எனக்கே சொல்லித்தர்றியா? முப்பத்திரண்டு வருஷம்..."

"தெரியும்யா, தெரியும். ஒரு சொட்டு எறங்கினதில்ல. மீட்டர எடுத்துட்டுப் போ."

ஈஸ்டர் வாரச் சனிக்கிழமை. பெவர்லி தாண்டி ஒரு கிராமம், சரளைக்கல் போட்ட முற்றம். விற்பவர் பெயர் ஃபார்ன்ஹம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, ரொம்ப மரியாதை. கேரவன் வெள்ளை வெளேரென்று கழுவி நின்றது. கதவைத் திறந்ததும் வெனிலா வாசனை முகத்தில் அடித்தது. ஹீட்டர் கணகணவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

டெனிஸுக்கு நோபி சொன்னது ஞாபகம் வந்தது. கோட்டுப் பைக்குள் கை போனது.

"உங்களுக்குக் குளிரக் கூடாதேன்னு ஹீட்டர் போட்டு வச்சேன்," என்றார் ஃபார்ன்ஹம்.

ஏவ்ரில் அதற்குள் முன்பக்கத்துக்குப் போய்விட்டாள். பெரிய ஜன்னலுக்குக் கீழே இரண்டு நீள இருக்கைகள். இடது மூலையில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்தாள். "டென், இந்த மூலை என்னோடது. எழுந்து உக்காராமலே கடல் தெரியும்." அவள் முகத்தில் இரண்டு வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம்.

முதலில் ஊசியை எடுத்திருக்க வேண்டும். டெனிஸ் எடுக்கவில்லை. பழக்கம் அவரை வேறு பக்கம் இழுத்தது. எதிர் இருக்கையின் மெத்தையைத் தள்ளிப் பலகையைத் தூக்கினார். உள்மூலையில், தும்பும் தூசியும் படிந்த மரத்தில், பென்சிலால் இரண்டு எழுத்து. டெனிஸுக்கு டி, கிளப்லிக்கு சி.

தொலைந்த பிள்ளையை ரயில் நிலையத்தில் பார்த்தவர் மாதிரி நின்றார்.

"ஏவ்ரில்! வந்து பாரு! என் எழுத்து! இத நான்தான் அடைச்சேன்!"

அவள் எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி, நெசமாவே உன்னோடதுதான். அந்த 'சி' தூண்டில் முள்ளு மாதிரியே இருக்கு."

ஃபார்ன்ஹமின் முகம் ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு மலர்ந்தது. "நீங்க செஞ்ச வண்டியா? அப்ப நான் உங்களுக்கு என்னத்தச் சொல்றது! செஞ்சவருக்கே விக்கிறேன்! டீ போடறேன், இருங்க."

அவர் வீட்டுக்குள் போனார். கைக்கு எட்டும் தூரத்தில் சுவர், பைக்குள் ஈரமானி. தனியாக ஐந்து நிமிஷம் கிடைத்தது. டெனிஸ் அந்த ஐந்து நிமிஷமும் தன் எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் கை அடைத்த வண்டியில் ஊசி குத்திப் பார்ப்பதா? கிளப்பில் யாராவது கேள்விப்பட்டால்? தேதி மட்டும் தெரியவில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் மூலை நெடுக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை புதிதாக ஒட்டியிருந்தது. அழகுக்கு ஒட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

டீ வந்தது, எலுமிச்சைக் கேக் வந்தது. கூடவே ஒரு தாளும் வந்தது.

"சின்ன சம்பிரதாயம்தான். 'பார்த்து, பரிசோதித்து, உள்ளபடி வாங்கிக்கொண்டேன்' அப்படின்னு ஒரு வரி. அவசரமே இல்ல. ஆனா நாலு மணிக்கு ஒரு சின்ன வயசுத் தம்பதி வர்றாங்க, கைக்குழந்தையோட. அதையும் சொல்லிடறது நல்லது பாருங்க."

மணி மூன்றரை. டெனிஸுக்கு அந்த வரியின் பொருள் தெரியும். கடைக்காரனிடம் வாங்கினால் திருப்பிக் கொடுக்கலாம், சண்டை போடலாம். வீட்டு முற்றத்தில் வாங்கி இந்தத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டால், நாளைக்குச் சுவர் இடிந்து மடியில் விழுந்தாலும் கேட்க நாதியில்லை. ஏவ்ரிலின் கைப்பையில் பண உறை தயாராக இருந்தது. அவர் கேக்கை விழுங்கினார். ஒருவர் வீட்டு டீயைக் குடித்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே அவருடைய சுவரைக் குத்துவதா? நோபி ஆளைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தான். டெனிஸ் பேனாவை வாங்கினார்.

ஏவ்ரில் இருமினாள்.

முதலில் சின்னதாக, தொண்டையைச் செருமுகிற மாதிரி. பிறகு இன்னொன்று. அவள் கையை ஆட்டி "ஒண்ணுமில்ல, கையெழுத்தப் போடு" என்றாள். மூன்றாவது இருமல் நிற்கவில்லை. உள்ளே எங்கோ ஆழத்திலிருந்து சாக்கை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. மருத்துவமனையில் பதினோரு நாள் கேட்ட அதே சத்தம். அவள் குனிந்து, அந்த இடது மூலைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு இருமினாள்.

"வெனிலாதான் ஒத்துக்கலபோல," என்றார் ஃபார்ன்ஹம். "தண்ணி கொண்டுவரட்டுமா?"

டெனிஸ் பேனாவை மேஜையில் வைத்தார். மறுபடியும் அந்தப் பலகையைத் தூக்கினார். பிளாஸ்டிக் பட்டையின் நுனியை நகத்தால் நெம்பினார்.

"அது ஒட்டினது, சார். பிச்சிடாதீங்க."

பட்டை சத்தமில்லாமல் வந்தது. காய்ந்த மரத்திலிருந்து பிய்த்தால் சடசடவென்று வரும்; இது ஊறின தோல் மாதிரி உரிந்தது. அடியில் மரம் கறுத்து, தேநீரில் முக்கிய பிஸ்கட்டாக இருந்தது. பூசணம் வெள்ளையாய் நூல் விட்டிருந்தது. அதற்கு நடுவே, மை என்றால் என்றைக்கோ ஓடியிருக்கும், பென்சில் அப்படியே நின்றது. ஜனவரி 15, அவர் அங்கே வேலை பார்த்த கடைசி வருஷம்.

டெனிஸ் பட்டையைக் கீழே போட்டார். அந்த ஜனவரி பதினைந்தை அவர் மறந்ததில்லை. மறந்த மாதிரி இருந்துகொண்டார், அவ்வளவுதான்.

ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த வாரம் அது. மாஸ்டிக் சுருள்களை வெதுவெதுப்பாக வைக்கும் அலமாரி பழுதாகி மூன்று நாள். கொட்டகைக்குள் மூச்சு புகையாகத் தெரிகிற குளிர். குளிர்ந்த பட்டை பெல்ட் மாதிரி விறைத்து நிற்கும், தகட்டைக் கவ்வாது. பத்து வருஷம் ஒட்டினமாதிரி நடிக்கும், அப்புறம் விட்டுவிடும். அவர் மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி பட்டியலில் கண்ணை வைத்துக்கொண்டே, "நாளைக்கு ஒனக்கு வேலை இருக்கணுமா வேணாமா?" என்றான். டெனிஸ் ஒட்டினார். திருகாணியை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினார், அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு வண்டியிலும் பலகையைத் தூக்கிக் கையெழுத்தும் போட்டார். இரண்டு வாரம் கழித்து அவர் பெயரும் பட்டியலில் வந்தது. அதற்குப் பிறகுதான் கிளப்பில் அந்தப் பேச்சை அவர் அதிகமாகப் பேச ஆரம்பித்தார்.

பைக்குள்ளிருந்து ஈரமானியை எடுத்தார்.

"மீட்டரெல்லாம் எதுக்கு, சார்?" ஃபார்ன்ஹமின் குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. "நீங்கதானே செஞ்சீங்க?"

"ஆமா, நான்தான் செஞ்சேன். அதனாலதான்."

கதவுக்குப் பக்கத்தில் குத்தினார். பதினான்கு. ஃபார்ன்ஹம் "பாத்தீங்களா" என்றார். ஜன்னலுக்குக் கீழே, பத்தொன்பது. ஒரு முழம் தள்ளி, இருபத்தாறு. டெனிஸ் இடது மூலைக்கு வந்தார். ஏவ்ரில் எழுந்து நகர்ந்துகொண்டாள். அவள் தலை சாய்த்திருந்த இடத்தில் ஊசியை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. கருவி கீச்சென்று கத்தியது. முப்பத்தொன்பது.

பெருவிரலை அங்கே வைத்தார். சுவர்க் காகிதம் முழுசாக, பூப்போட்டு அழகாகத்தான் இருந்தது. விரல் முதல் கணுவரை உள்ளே போயிற்று.

"நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது," என்று ஃபார்ன்ஹம் வாய்தவறிச் சொல்லிவிட்டு, சொன்னதைக் கேட்டு அவரே திகைத்து நின்றார்.

"வெனிலாவும் அப்பவே இருந்துதா?" என்றாள் ஏவ்ரில், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஃபார்ன்ஹமின் காது சிவந்தது. "எனக்கும் ஒருத்தர் இப்படித்தான் வித்தார். நான் என்ன பண்றது? என் தலையிலயே வச்சுக்கிட்டு உக்காரவா?"

டெனிஸ் விரலை உருவிக் கைக்குட்டையில் துடைத்தார். இந்த இடத்தில் ஃபார்ன்ஹமைத் திட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். தப்பு முழுக்க அந்தக் கம்பளிச் சட்டைக்காரர் தலையில் ஏறியிருக்கும். ஏவ்ரிலும் அதைத்தான் எதிர்பார்த்தாள். அவர் பெருமை பழுதில்லாமல் சனிக்கிழமைக்குத் திரும்பியிருக்கும்.

"ஏவ்ரில்," என்றார். "இது ஒழுகும்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"என்னைக்கு?"

"ஒட்டின அன்னிக்கு. அலமாரி கெட்டு மூணு நாளா பட்டை குளுந்து கெடந்துச்சு. பிடிக்காதுன்னு தெரிஞ்சே ஒட்டினேன். தெரிஞ்சே கையெழுத்தும் போட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பாளா, கத்துவாளா என்று தெரியாமல் அவர் நின்றார். அவள் இரண்டும் செய்யவில்லை. மேஜை மீதிருந்த தாளை எடுத்து ஃபார்ன்ஹமிடம் நீட்டினாள்.

"கேக் நல்லா இருந்தது, சார். நாலு மணிக்கு வர்ற பொண்ணுகிட்ட அந்த மூலைய நீங்களே காட்டிடுங்க. இல்லேன்னா வாசல்ல நின்னு நாங்க காட்டுவோம். இவருக்கு இன்னிக்கு வாய் தொறந்துடுச்சு, இனிமே மூடாது."

ஃபார்ன்ஹம் தாளை வாங்கி நாலாக மடித்தார். வெளியே போய், முற்றத்து வாசலில் நட்டிருந்த 'விற்பனைக்கு' அட்டையைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அது எவ்வளவு நாளைக்கு என்று டெனிஸுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நான்கு மணிவரை காரில் காத்திருந்தார்கள். ஒரு சின்னச் சிவப்புக் கார் வந்தது; ஃபார்ன்ஹம் ஜன்னலருகே குனிந்து கையை விரித்து ஏதோ சொன்னார்; கார் திரும்பிப் போனது. பின்சீட்டில் குழந்தை இருக்கை தெரிந்தது. அதற்குப் பிறகுதான் டெனிஸ் சாவியைத் திருகினார்.

கடற்கரைக்குப் போகும் சாலையில் ஈஸ்டர் கூட்டம். மழை தூறத் தொடங்கியிருந்தது. காருக்குப் பின்னால் காராக, கேரவன்களை இழுத்துக்கொண்டு ஊரே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் காசுக்கு வேற காஞ்ச வண்டி கெடைக்காது. இந்த வருஷம் உனக்குக் கடல் இல்லாமப் போச்சு," என்றார்.

"ஹோர்ன்ஸீக்கு பஸ் ஓடுது. பெஞ்சு இருக்கு. பொழுது சாஞ்சா திரும்பிடலாம்." தன் பக்கத்து ஜன்னலை ஏற்றினாள். "பின்னறைய மட்டும் பூட்டிட்டு, கட்டில முன்னாடி ஹாலுக்கு இழுத்துடு. இன்னிக்கே."

"சரி."

"நோபிகிட்ட என்ன சொல்லுவ?"

"நடந்ததச் சொல்லுவேன்."

"கிளப்புல?"

முன் கண்ணாடியைத் துடைக்கும் தண்டு இரண்டு முறை போய் வந்தது.

"அந்த மூணு நாள்ல எத்தன வண்டி, டென்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். பதினாலு வருஷமாக விடை அவரிடம் தயாராக இருந்தது.

"முப்பத்தாறு."

தூறல் வலுத்துக் கூரையில் தடதடத்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கேரவன் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அதே காலத்து வளைவு, அதே விளிம்புச் சட்டம். திருகாணிகளிலிருந்து துரு கோடாக இறங்கியிருந்த மாதிரி இருந்தது, மழையில் சரியாகத் தெரியவில்லை. டெனிஸ் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கண்ணை இடுக்கினார். கார் அதை நெருங்கிக்கொண்டே போனது.

"டென்! ரோட்டப் பாரு!"

அவர் காலைப் பிரேக்குக்கு மாற்றினார். ஏவ்ரில் கைப்பையைத் திறந்து, உறையை ஓரமாகத் தள்ளி, மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ ரோட்டப் பாரு," என்றாள். "நான் அதப் பாக்கறேன்."